பதினாறு வயதில் 136/84, மூன்று வருடமாக ‘காஸ்ரைட்டிஸ்’: இரண்டும் வேறு வேறா?

வெள்ளவத்தை அம்மா | ஞாயிறு, இரவு 9.50

எனது மகனுக்கு வயது 16. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறான். கடந்த வாரம் நீச்சல் அணிக்கான மருத்துவச் சான்றிதழுக்காக அவனை ஒரு தனியார் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது, குருதியமுக்கம் 136/84 என்று காட்டியது. பரிசோதித்தவர் “படிப்பு ரென்சனாக இருக்கும்” என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் சான்றிதழில் ஒப்பமிட்டார். எங்கள் வீட்டில் பிரஷர் என்ற சொல் இதுவரை அப்பப்பாவுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. ஆகையால் அந்த எண்ணைக் கேட்ட நாள் முதல் எனக்கு நிம்மதி இல்லை.

அவனுடைய நாளையும் எழுதிவிடுகிறேன். காலை 4.45க்கு எழும்புகிறான். பாடசாலை வான் தெஹிவளைப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போவதால் 5.50க்கே வாசலுக்கு வந்துவிடும். 7.30 முதல் 1.30 வரை பாடசாலை, 3 மணி முதல் 6.30 வரை ரியூசன், அதன் பிறகு குளிப்பு, சாப்பாடு, வீட்டுவேலை. விளக்கை அணைக்கும்போது பெரும்பாலும் நள்ளிரவு ஆகிவிடுகிறது. வானுக்குள் தூங்குவதைச் சேர்த்தாலும் ஐந்தரை மணித்தியாலம் தேறாது. விடியற்காலையில் சாப்பிட மனமில்லை என்று ஒரு பிளேன்ரீயோடு போய்விடுகிறான்.

அடுத்தது வயிறு. எட்டாந் தரத்தில் தொடங்கிய வலி இது. மேல்வயிற்றில் எரிவு, சில நாட்களில் இரவு ஒன்று, இரண்டு மணிக்கு எழும்பி பிஸ்கற் தேடுவான். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் காஸ்ரைட்டிஸ். அந்தப் பெயரை வைத்த பிறகு வேறு எதையும் நாங்கள் யோசிக்கவில்லை. சீரகத் தண்ணீர், குளிர்ந்த பால், தண்ணீரில் நுரைக்கும் தூள், பாமசியில் வாங்கும், அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் மாத்திரை என்று மூன்று வருடங்கள் ஓடிவிட்டன.

நேற்று அவனுடைய புத்தகப் பையைத் துப்புரவு செய்தபோது, தகப்பனின் நாரி வலிக்கு எழுதிக்கொடுத்த டைக்ளோஃபெனக் என்ற வலி மாத்திரையின் அட்டை ஒன்று பாதி வெறுமையாகக் கிடைத்தது. கேட்டதற்கு, காலையில் தலையிடிப்பதாகவும், கிழமையில் மூன்று அல்லது நான்கு நாள் ஒன்று போடுவதாகவும், அதை வயிற்றுக்கு ஆகாதது என்று யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றும் பதிலளித்தான். யாரும் சொல்லவில்லை என்பது உண்மை.

தூக்கம், பிரஷர், வயிறு ஆகிய இவற்றை மூன்று தனித்தனி வைத்தியர்களிடம் கொண்டுபோக வேண்டுமா, அல்லது இவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றனவா? அனுபவமுள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற தாதி | திங்கள், காலை 6.15

தங்கச்சி, நான் வைத்தியர் அல்லள். முப்பது வருடத்துக்கு மேல் வாட்டுகளிலும் கிளினிக்கிலும் நின்றவள் என்ற அளவில் எழுதுகிறேன். நீங்கள் எழுதிய விபரங்களை அப்படியே ஒரு தாளில் எழுதி, ஒரே வைத்தியரிடம், ஒரே நாளில் கொடுங்கள். தனித்தனியாகப் போனால் ஒருவர் தலையிடிக்கும், இன்னொருவர் வயிற்றுக்கும் மருந்து எழுதுவார். பையில் கிடந்த அட்டை எவர் கண்ணிலும் படாது.

முதலில் அந்த 136/84. ஒருமுறை எடுத்த அளவை வைத்துப் பிள்ளைக்குப் பிரஷர் என்று முடிவு கட்டவும் கூடாது, சிரித்துவிட்டு விடவும் கூடாது. 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, 2017 இல் வந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவ வழிகாட்டலின்படி, 120/80 க்குக் கீழே இருப்பது இயல்பு. மேல் எண் 120 முதல் 129 வரையும் கீழ் எண் 80 க்குக் குறைவாகவும் இருந்தால் அது உயர்ந்த நிலை. 130/80 தொடங்கி உயர் குருதியமுக்கத்தின் முதலாம் படி. ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு, வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை அந்த அளவு வந்திருக்க வேண்டும்.

எடுக்கும் முறையிலும் பிழை நிறைய நடக்கிறது. படியேறி வந்த பிள்ளையை உட்கார வைத்த கையோடு பட்டியைச் சுற்றிவிடுவார்கள். ஐந்து நிமிடம் பேசாமல், முதுகைச் சாய்த்து, இரு பாதங்களும் தரையில் படும்படி இருக்க வேண்டும். கை நெஞ்சின் மட்டத்தில் ஏதாவது ஒன்றின்மேல் தாங்கி இருக்க வேண்டும். முந்திய அரை மணித்தியாலத்தில் தேநீர், கோப்பி குடித்திருக்கக் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்கக் கூடாது. நீச்சல்காரப் பிள்ளைகளுக்குப் புயம் பருத்திருக்கும். அதற்குச் சிறிய பட்டியைச் சுற்றினால் இல்லாத பிரஷரையும் கருவி காட்டும். வெள்ளைச் சட்டையைக் கண்டாலே ஏறுகிற பிள்ளைகளும் உண்டு. சந்தேகம் தீராவிட்டால் 24 மணித்தியாலம் உடம்பிலேயே கட்டிவைத்து அளக்கும் கருவியை வைத்தியர் சொல்லக்கூடும்.

தூக்கத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை நான் கிளினிக்கில் இப்படி விளக்குவேன். பகல் முழுக்க உடம்பை விரட்டுகிற நரம்புத் தொகுதி இரவில் தளர வேண்டும். நல்ல தூக்கத்தில் குருதியமுக்கம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். இது இதயத்துக்கும் குருதிக்குழாய்களுக்கும் அன்றாடம் கிடைக்கும் ஓய்வு. பத்து மணிக்குப் படுக்க வேண்டியவன் பன்னிரண்டுக்குப் படுத்து 4.45க்கு எழும்பினால், அந்த இறக்கத்தில் கழிய வேண்டிய நேரம் குறைகிறது. அத்துடன் வயிற்று வலி இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டால், கிடைக்கும் கொஞ்சத் தூக்கமும் உடைந்துபோகிறது.

உடைந்த தூக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் 13 முதல் 16 வயதுடைய 238 பேரிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2008 இல் வெளிவந்தது. படுக்கையில் கிடக்கும் நேரத்தில் 85 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே தூங்கியவர்களிடம் குருதியமுக்கம் உயர்ந்திருக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்காக இருந்தது. ஆறரை மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களிடம் அது இரண்டரை மடங்கு. அதாவது, தூக்கத்தின் நீளம் மட்டுமன்றி, அது எத்தனை தரம் முறிகிறது என்பதும் பொருட்டு.

வயிற்றைப் பற்றி மருந்தாளர் யாராவது எழுதட்டும். ஒன்றை மட்டும் இன்றே கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போகிறதா, வாந்தியில் கோப்பித்தூள் போல ஏதும் வந்ததா, நிறை குறைந்துள்ளதா, விழுங்கும்போது தடக்குகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றால் தாமதிக்க வேண்டாம். திடீரென்று தாங்க முடியாத வலி வந்து வயிறு பலகைபோல இறுகினால், அல்லது கறுப்பு மலத்தோடு தலை சுற்றினால், 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

வெள்ளவத்தை அம்மா | திங்கள், காலை 7.40

மிக்க நன்றி அக்கா. அவனிடம் கேட்டேன். நீங்கள் சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லை. இதைக் கேட்கவே அவன் மிகவும் கூச்சப்பட்டான். மூன்று வருடத்தில் நான் ஒருமுறைகூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

பழைய மாணவன் | திங்கள், முற்பகல் 11.05

யாரையும் பயமுறுத்தும் நோக்கமில்லை. பயமுறுத்தப்படுவதைத் தடுக்கும் நோக்கம்தான். எங்கள் காலத்திலும் விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பிப் படித்தோம். அந்த 238 பேர் ஆய்வு ஒரே காலத்தில் இரண்டையும் அளந்த ஆய்வு. அதிலிருந்து தூக்கமின்மை பிரஷரை ஏற்றுகிறது என்று நிரூபணம் கிடைக்காது. நிறை கூடிய பிள்ளைகள் குறட்டை விடுவார்கள், மூச்சுத் தடைப்பட்டுத் தூக்கம் முறியும், அதே நிறையால் பிரஷரும் ஏறும். ரியூசன் முடிந்து வருகிற வழியில் ரோல்ஸ், பற்றிஸ், கொத்து என்று சாப்பிடுகிற உப்பை விட்டுவிட்டுத் தூக்கத்தைப் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மேலும், அல்சர் என்ற வயிற்றுப் புண் கிருமியால் வருவது என்றுதானே இப்போது சொல்கிறார்கள்? பிறகு ஏன் சாப்பாட்டு நேரம், மாத்திரை என்று சுற்றிப்போக வேண்டும்?

காலி வீதி மருந்தாளர் | திங்கள், இரவு 8.30

பழைய மாணவன் அவர்களின் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் கடைக்கு வருபவர்களிடம் இரு வகையான தவறான நம்பிக்கை இருப்பதைக் காண்கிறேன். முதியவர்கள் ‘கவலையாலும் உறைப்பாலும் வருவது’ என்கிறார்கள். இணையத்தில் வாசித்தவர்கள் ‘கிருமியால் மட்டுமே வருவது’ என்கிறார்கள்.

கிருமியின் கதை உண்மையானது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் றொபின் வொரன் என்ற நோயியல் நிபுணரும் பரி மார்ஷல் என்ற இளம் வைத்தியரும் இரைப்பைச் சவ்வில் வளைந்த வடிவப் பக்றீரியாவைக் கண்டார்கள். அமிலத்தில் எதுவும் வாழாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆய்வுகூடத்தில் வளர்க்க முயன்ற தட்டுகளை வழக்கம்போல இரண்டு நாளில் எறிந்துவிடுவார்கள். 1982 இல் ஈஸ்டர் விடுமுறையால் தட்டு ஒன்று கூடுதல் நாட்கள் அடைகாப்புப் பெட்டிக்குள் கிடந்துவிட்டதால்தான் கிருமி வளர்ந்தது. நம்பாதவர்களை நம்பவைக்க 1984 இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டார். இருவருக்கும் 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிக்கோபக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994 இலேயே புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. அது பெரும்பாலும் சிறு வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. தொற்றியவர்களில் பெரும்பான்மையினருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் தெரியாது. சிறு பங்கினருக்கே புண் வருகிறது.

இரண்டாவது பெருங்காரணம் வலி மாத்திரை. டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபன், மெஃபனமிக் அமிலம், அஸ்பிரின் ஆகிய யாவும் இந்த வகையே. இரைப்பைச் சவ்வின்மேல் சளிப்படலத்தையும், அமிலத்தைச் சமன்செய்யும் காரத்தையும், குருதியோட்டத்தையும் காத்து நிற்பவை புரஸ்ரகிளண்டின் என்ற பொருட்கள். வலியைக் குறைப்பதற்காக இந்த மாத்திரைகள் அவற்றின் உற்பத்தியைத் தடுக்கின்றன. வலி போகும்போது காவலும் போய்விடுகிறது. ‘சாப்பிட்ட பிறகு போட்டேன், ஒன்றும் செய்யாது’ என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். சாப்பாடு எரிவைக் குறைக்கலாம். ஆனால் மாத்திரை குருதி வழியாகவே சவ்வின் காவலைக் கெடுப்பதால், புண் வரும் ஆபத்து அதனால் நீங்குவதில்லை. பின்வழியாக வைக்கும் மருந்துக்கும் இது பொருந்தும். பரசிற்றமோல் இந்த வகையைச் சேர்ந்ததன்று. அளவு மீறினால் அதற்கு ஈரலில் வேறு ஆபத்து உண்டு.

இப்போது உங்கள் தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன், அம்மா. டைக்ளோஃபெனக் போன்றவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கி, குருதியமுக்கத்தையும் ஏற்றக்கூடியவை. ஆகவே ஒரே அட்டை இரண்டு இடத்தில் வேலை செய்திருக்கலாம். போதாததற்கு, நீங்கள் குறிப்பிட்ட நுரைக்கும் தூள் பெரும்பாலும் சோடியம் பைகாபனேற். ஒரு பொதியிலேயே சோடியம் பல நூறு மில்லிகிராம் இருக்கும். ஒரு வளர்ந்தவருக்கு முழு நாளுக்கும் 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உப்பைப் பற்றிப் பழைய மாணவன் சொன்னது சரிதான். அது கொத்துக்குள் மட்டும் இல்லை, மருந்துப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

தலையிடியையும் ஒருமுறை பார்க்க வேண்டும். தூக்கமில்லாமலும் வெறும் வயிற்றோடும் எழும்பும் பிள்ளைக்குத் தலையிடிப்பது வியப்பில்லை. ஆனால் வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்காகப் போட்டால், அந்த மாத்திரையே தலையிடியை உண்டாக்கத் தொடங்கும். கிழமைக்கு நான்கு என்றால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

எங்கள் தரப்புக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். இந்த நகரத்தில் மருந்துச் சீட்டு இல்லாமல் ‘நாரி வலிக்கு ரெண்டு தாங்கோ’ என்று கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. மாலை ஏழு மணிக்கு வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது, ‘யாருக்கு, எத்தனை நாளாக, வயிற்றில் எரிவு உண்டா’ என்று மூன்று கேள்வி கேட்க நானும் பல நாள் தவறியிருக்கிறேன்.

உயர்தர மாணவி | திங்கள், இரவு 11.52

இந்த நேரத்தில் இதை எழுதுவதே வேடிக்கைதான். பெரியவர்கள் ‘நேரத்துக்குப் படு’ என்கிறீர்கள். பத்து மணிக்குப் படுத்தாலும் எனக்கு நித்திரை வருவதில்லை. அது கைபேசியால் மட்டும் அல்ல. கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் படுத்த நாட்களிலும் இருட்டில் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஓய்வுபெற்ற தாதி | செவ்வாய், காலை 6.05

நான் நம்புகிறேன் மகள். பருவ வயதில், உடம்புக்கு இரவு என்று அறிவிக்கும் மெலற்றோனின் என்ற ஓமோன் சுரக்கும் நேரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது எட்டரைக்குக் கண் சொருகியவர்களுக்கு, இப்போது பதினொன்றுக்கு முன் உடம்பு இரவு என்று ஒத்துக்கொள்வதில்லை. பிறவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கஸ்கடன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியவர். அதே வேளை 13 முதல் 18 வயது வரை 8 தொடக்கம் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது. பதினொன்றோடு எட்டைக் கூட்டினால் காலை ஏழு. அந்த நேரத்தில் நீங்கள் பாடசாலைக் கூட்ட மண்டபத்தில் நிற்கிறீர்கள்.

ஆனாலும் உங்கள் கையில் இருப்பவை சில உண்டு. பின்னேரம் நான்குக்குப் பிறகு குடிக்கும் பிளேன்ரீ, சக்திப் பானம் இரண்டையும் நிறுத்துங்கள். கஃபீனின் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணித்தியாலம் அளவில் ஆகும். ஞாயிறு பதினொரு மணி வரை தூங்குவது இன்பந்தான். ஆனால் அன்றிரவு மறுபடி நித்திரை வராது, திங்கள் காலை வேறு நாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவர் போல எழும்புவீர்கள். காலையில் வானுக்கு நிற்கும்போது முகத்தில் வெளிச்சம் படுவது நல்லது என்று எழுத வந்தேன். ஆனால் 5.50க்குக் கொழும்பில் என்ன வெளிச்சம்!

கொட்டாஞ்சேனை ஆசிரியர் | செவ்வாய், பிற்பகல் 3.20

முதலாம் பாடவேளையில் நான் கணிதம் எடுக்கிறேன். தரம் 11 வகுப்பில் ஒரு பகுதியினர் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. அடித்து எழுப்பிய காலமும் உண்டு. இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னபோது ஒன்று நினைவுக்கு வந்தது. 1996 இல் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக நாட்டின் கடிகாரத்தை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, பின்னர் அரை மணித்தியாலமாகக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். அந்தப் பத்து வருடமும் இருட்டில் பிள்ளைகளை அனுப்பிய பெற்றோருக்கு அரை மணித்தியாலம் என்றால் என்ன என்று தெரியும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014 இல், பருவ வயதுப் பிள்ளைகளின் பாடசாலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று கேட்டது. கலிபோர்னியா மாநிலத்தில் 2022 ஜூலை முதல் உயர்நிலைப் பாடசாலைகளுக்கு அது சட்டமாகவே நடைமுறையில் உள்ளது. நாங்கள் 7.30க்குத் தொடங்குகிறோம். இருந்தாலும் பாடசாலை மணியை மட்டும் குறைகூறுவது பாதி உண்மைதான். பிள்ளையின் இரவைத் தின்பது மாலை ரியூசனும், அதற்கு மேல் சனி காலை ஏழு மணிக்கு இருநூறு பேரை ஒரே மண்டபத்தில் இருத்தும் வகுப்பும். அவற்றுக்கு எந்தச் சுற்றறிக்கையும் பொருந்துவதாகத் தெரியவில்லை. நானும் மாலை வகுப்பு எடுப்பவன் என்பதால், இதை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது.

பழைய மாணவன் | செவ்வாய், மாலை 6.45

ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கினால் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் பிந்திப் படுப்பார்கள். அவ்வளவுதான் நடக்கும். அத்தோடு காலி வீதியில் அலுவலக வாகனங்களும் பாடசாலை வான்களும் ஒரே நேரத்தில் இறங்கும். வேலைக்குப் போகும் பெற்றோர் பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது?

மருந்தாளர் எழுதியது எனக்குப் புதிது, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கவலைக்கும் அல்சருக்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதும் மிகைதான். டென்மார்க்கில் சாதாரண மக்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், மன அழுத்தம் கூடியவர்களுக்குப் புண் கூடுதலாக வந்ததாகப் படித்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர் | செவ்வாய், இரவு 7.30

சியாற்றில் நகரம் 2016 இல் பாடசாலையை 7.50 இலிருந்து 8.45க்கு மாற்றியபோது, மாணவர்கள் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்த ஆய்வு 2018 இல் வெளிவந்தது. பிள்ளைகள் நாளொன்றுக்கு 34 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். நீங்கள் எதிர்பார்த்ததுபோல முழு மணித்தியாலமும் வீணாகவில்லை. நான் விரும்பியதுபோல முழுவதும் தூக்கமாகவும் மாறவில்லை. வீதி நெரிசலுக்கு என்னிடம் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற தாதி | புதன், காலை 6.20

பழைய மாணவன் தம்பி சொன்ன இரண்டையும் நான் தள்ளிவிட மாட்டேன். முதலாவது, அந்த 2008 ஆய்வு காரணத்தை நிரூபிக்கவில்லை என்பது சரி. ஆணா பெண்ணா என்பதையும் உடற்பருமனையும் குடும்ப வசதியையும் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு நின்றது என்பதே அதிலிருந்து சொல்லக்கூடியது. ஆனால் வேறொரு பக்கத்திலிருந்தும் சான்று உண்டு. 1999 இல் சிக்காகோவில் 11 இளைஞர்களை ஆறு இரவு நான்கு மணித்தியாலம் மட்டுமே படுக்க விட்டார்கள். மாலை நேரத்துக் கோட்டிசோல் என்ற மன அழுத்த ஓமோன் கூடியது, உடம்பை விரட்டும் நரம்புத் தொகுதி முடுக்கம் பெற்றது, சர்க்கரையைக் கையாளும் திறனும் குன்றியது. அங்கே தூக்கத்தைக் குறைத்தவர்கள் ஆய்வாளர்களே. ஆகவே எது முந்தியது என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. குறட்டையைப் பற்றி நீங்கள் சொன்னது முக்கியமானது. வெள்ளவத்தைத் தங்கச்சி, மகன் குறட்டை விடுகிறானா, இடையில் மூச்சு நிற்கிறதா என்று இரண்டு இரவு கவனியுங்கள்.

இரண்டாவது, கவலை. கடும் தீக்காயத்தோடும் தலையில் அடிபட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்கு இரைப்பையில் புண் வருவதை நானே பார்த்திருக்கிறேன். அன்றாடக் கவலைக்கும் சிறு பங்கு இருக்கலாம். என்னுடைய பயம் வேறு. ‘கவலையால் வந்தது’ என்று சொன்ன கணத்திலேயே வீட்டில் எல்லோரும் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள். காஸ்ரைட்டிஸ் என்ற சொல்லும் அப்படியே. அது உண்மையில் இரைப்பைச் சவ்வின் அழற்சி; குழாய் விட்டு உள்ளே பார்த்து, சவ்வில் சிறு துண்டெடுத்து உறுதிப்படுத்த வேண்டியது. நம்மவர்கள் நெஞ்செரிவு, காற்று, பித்தப்பைக் கல், சில வேளை மாரடைப்பைக்கூட அந்த ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுவார்கள். ‘காஸ்ரைட்டிஸ்தான், கொஞ்சம் சோடா குடியுங்கோ’ என்று இரவு முழுக்க வைத்திருந்து, விடிய நெஞ்சு வலியோடு கொண்டுவந்த ஆட்களை மறக்க முடியவில்லை.

சாப்பிட்டு இரண்டு, மூன்று மணித்தியாலத்தின் பின்னும், நடு இரவிலும் வந்து, ஏதாவது தின்றால் அடங்குகிற வலி முன்சிறுகுடற் புண்ணின் பழைய அடையாளம். மகனின் பிஸ்கற் அதைத்தான் எனக்கு நினைவூட்டியது. ஆனால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது. குளிர்ந்த பால் அப்போதைக்கு இதமாக இருக்கும், பிறகு அமிலத்தைக் கூட்டிவிடும். உறைப்பு ஏற்கெனவே இருக்கும் புண்ணில் எரியலாம். புண்ணை உண்டாக்குவது அதுவல்ல.

இன்னொன்றும் என் மனத்தில் உண்டு. நமது சுகவாழ்வு நிலையங்கள் பிரஷர் பார்க்க அழைப்பது முப்பத்தைந்தைக் கடந்தவர்களை. ஏழாந் தரத்திலும் பத்தாந் தரத்திலும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை வருகிறது. மற்ற நாட்களில், காய்ச்சலும் இல்லாத, கண்ணும் தெரிகிற ஒரு பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் பட்டி சுற்றுவது நீச்சல் சான்றிதழ் போன்ற தற்செயலால்தான்.

காலி வீதி மருந்தாளர் | புதன், இரவு 9.10

பரிசோதனைக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. பைலோரி இருக்கிறதா என்று பார்க்கக் குருதியில் எதிர்ப்பொருள் தேடும் மலிவான பரிசோதனையைச் சிலர் தாங்களாகவே செய்துவிட்டு வருகிறார்கள். கிருமி ஒழிந்து நெடுங்காலம் சென்ற பிறகும் அது ஆம் என்றே காட்டக்கூடும். இப்போது தொற்று இருக்கிறதா என்று சொல்வது மூச்சுப் பரிசோதனை, மலத்தில் கிருமியின் கூறைத் தேடும் பரிசோதனை, குழாய் விட்டுத் துண்டெடுப்பது ஆகிய மூன்றும்தான். பிள்ளைகளில் எது தேவை என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். எல்லா வயிற்று வலிக்கும் இந்தக் கிருமியைத் தேடத் தேவையில்லை. ஒமிப்பிரசோல் போட்டுக்கொண்டிருந்தால், இருக்கும் கிருமியும் அகப்படாமல் போகலாம். வழக்கமாக அதை இரண்டு கிழமையும், நுண்ணுயிர்க்கொல்லிகளை நான்கு கிழமையும் நிறுத்திய பிறகே பரிசோதிப்பார்கள். மாதக்கணக்காகப் போட்டவர் திடீரென்று ஒமிப்பிரசோலை நிறுத்தினால் அமிலம் சில நாள் முன்னையதைவிடக் கூடுதலாகப் பொங்கும். ‘பார்த்தீர்களா, மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது’ என்று ஆட்கள் திரும்பி வருவது இதனால்தான்.

வெள்ளவத்தை அம்மா | நான்கு கிழமைகளின் பின், சனி, மாலை 5.15

பலரும் தனிமடலில் கேட்டதால் நடந்ததை எழுதுகிறேன்.

தாதி அக்கா சொன்னபடி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனோம். வைத்தியர் முதலில் கேட்டது டைக்ளோஃபெனக் எத்தனை என்பதை. அதை அன்றே நிறுத்தினார். தலையிடி முதல் எட்டு, ஒன்பது நாள் முன்னையதைவிட மோசமாக இருந்தது, பிறகு தணிந்தது. இப்போது கிழமையில் ஒருநாள் வந்தால் உண்டு. குறட்டை இல்லை. நாள்பட்ட வலி என்பதால் ஒமிப்பிரசோலை இரண்டு கிழமை நிறுத்தி மலப் பரிசோதனை செய்தார்கள், பைலோரி இல்லை. நிறுத்திய நாட்களில் எரிவு பொங்கியபோது, மருந்தாளர் எழுதியதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். அதன் பிறகே அவன் பயம் விட்டான். வலி தொடர்ந்தால் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். கடந்த பத்து நாளில் ஒருமுறை மட்டுமே இரவில் எழும்பினான்.

குருதியமுக்கத்தை, புயத்துக்குப் பொருத்தமான பட்டியோடு, மூன்று வெவ்வேறு நாட்களில் அளந்தார்கள்: 128/78, 126/76, 124/76. முதலில் கண்ட அளவு இல்லை, ஆனால் இயல்பும் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நுரைக்கும் தூளை வீட்டிலிருந்தே அகற்றிவிட்டோம். அப்பப்பா அதைத் தினமும் இரவில் குடித்துவந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் பல வருடமாகப் பிரஷர் மாத்திரை எடுப்பவர்.

தூக்கத்தில்தான் நாங்கள் அதிகம் வெல்லவில்லை. வானை விட்டுவிட்டு, தகப்பன் வேலைக்குப் போகும் வழியில் 6.40க்கு இறக்கிவிடுவதால் காலையில் நாற்பத்தைந்து நிமிடம் கிடைத்தது. இரவில் ஒரு பாடத்தின் ரியூசனை நிறுத்தக் கேட்டபோது மகனே சம்மதிக்கவில்லை, நண்பர்கள் எல்லோரும் போகிறார்களாம். இடியப்பமோ பாணோ இரண்டு வாய் சாப்பிடாமல் வெளியே போவதில்லை என்ற ஒப்பந்தத்துக்கு மட்டும் இறங்கி வந்தான். இப்போது ஏறக்குறைய ஐந்தரை மணித்தியாலம் தூங்குகிறான்.

உயர்தர மாணவி | சனி, இரவு 9.35

அன்ரி, மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அமிலம் மாதத்தில் இரண்டு நாள் எடுப்பேன். இதை வாசித்த பிறகு பயமாக இருக்கிறது. அதுவும் இந்த வகைதானே?

காலி வீதி மருந்தாளர் | சனி, இரவு 10.05

இந்த வகைதான். வயிற்றில் எரிவோ முன்பு புண்ணோ இல்லாத ஒருவர், சொன்ன அளவில், மாதத்தில் இரண்டு நாள் எடுப்பதற்கும், கிழமைக்கு நான்கு நாள் மாதக்கணக்காக எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது. சாப்பாட்டோடு எடுங்கள், அதே நாளில் வேறு வலி மாத்திரையைச் சேர்க்காதீர்கள். நாட்கள் கூடிக்கொண்டு போனாலோ, எரிவு தொடங்கினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். அட்டை முடிந்து வேறு கடையில் வாங்கும்போது, மாதத்தில் எத்தனை நாள் எடுக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.